கடைசி இலக்கம் 6 அல்ல, 5: சதுரங்கப் பலகையின் அரிசிக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், சென்னைக்கும் சதுரங்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டியதில் தொடங்கி, 2024 டிசம்பரில் குகேஷ் உலகப் பட்டம் வென்றது வரை கட்டுரையாளர் கோத்துச் சொல்லியிருக்கும் விதத்தில் எனக்குக் குறை எதுவும் இல்லை. கட்டுரையின் நடுவே சொல்லப்படும் பழங்கதையில் ஓர் எண் வருகிறது. என் கடிதம் முழுவதும் அந்த ஓர் எண்ணைப் பற்றியதுதான்.

அரசனிடம் பரிசு கேட்ட அறிஞன், பலகையின் முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு என்று கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்து, 64 கட்டங்களுக்கும் தர வேண்டும் என்று கேட்ட கதை நம்மவர்களுக்குப் புதிதல்ல. அம்பலப்புழைப் பால்பாயசத்தோடு சேர்த்துக் கண்ணன் கதையாகவும் அதைக் கேட்டிருக்கிறோம். மொத்தம் எத்தனை அரிசி என்ற இடத்தில் கட்டுரை 18446744073709551616 என்கிறது. அதே பக்கத்தின் ஓரத்தில் உள்ள பெட்டிச் செய்தியிலோ 18446744073705951615 என்று அச்சாகியிருக்கிறது. இரண்டும் தவறு; இரண்டும் வெவ்வேறு வகையான தவறு. சரியான எண் 1,84,46,74,40,73,70,95,51,615. வாய்விட்டுப் படிப்பதானால், ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி, அதற்கு மேல் நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி, அதற்கும் மேல் தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. கட்டுரையாளர் இதை 'பதினெட்டு குவிண்டிலியன்' என்று சொல்லி முடித்துக்கொண்டார். லட்சத்திலும் கோடியிலும் கணக்குப் பார்க்கிற வாசகருக்கு அது எந்த அளவையும் மனத்தில் நிறுத்தாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

கட்டுரைக்குள் இருக்கும் எண் தவறு என்று காட்டப் பெரிய கணக்கு எதுவும் போட வேண்டியதில்லை. முதல் கட்டத்தில் மட்டுமே ஒற்றை அரிசி இருக்கிறது. மற்ற 63 கட்டங்களிலும் இருப்பது இரட்டைப்படை எண்ணிக்கை. இரட்டைப்படை எண்களை எத்தனை கூட்டினாலும் வருவது இரட்டைப்படைதான். அதனோடு முதல் கட்டத்து ஒற்றை அரிசி சேரும்போது மொத்தம் ஒற்றைப்படையாக மட்டுமே இருக்க முடியும். ஆகவே 6-இல் முடியும் எந்த எண்ணும் இந்தக் கேள்விக்கு விடையாக வராது. அச்சான எண் உண்மையில் எதைக் குறிக்கிறது என்றால், பலகையில் 65-ஆவதாக ஒரு கட்டம் இருந்திருந்தால் அதில் வைக்க வேண்டியிருந்த அரிசியின் எண்ணிக்கையை. இதையும் எளிதாகக் காட்டிவிடலாம். முதல் கட்டத்தில் வெளியிலிருந்து ஓர் அரிசியைக் கூடுதலாக வையுங்கள். அங்கே இரண்டாகிறது, அதை இரண்டாம் கட்டத்து இரண்டோடு சேர்த்தால் நான்கு, மூன்றாம் கட்டத்து நான்கோடு சேர்த்தால் எட்டு. இப்படியே தள்ளிக்கொண்டு போனால் 64 கட்டங்களும் காலியாகி, எல்லா அரிசியும் 65-ஆவது கட்டத்துக்கு உரிய குவியலாக வந்து நிற்கும். கூடுதலாக வைத்த அந்த ஓர் அரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டால் மிஞ்சுவதே பலகையின் மொத்தம்.

இவ்வளவு பெரிய எண்ணில் ஓர் அரிசி கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தாங்கள் கேட்கலாம். அரிசியாகப் பார்த்தால் அந்தக் கேள்வி நியாயமே. ஒரு கிராமுக்கு 50 அரிசி என்று தோராயமாக வைத்துக்கொண்டால், பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டங்களிலும் சேர்ந்து இருப்பது 255 அரிசி, அதாவது ஐந்து கிராம். இரண்டு வரிசை முடியும்போது 65535 அரிசி. கிலோ ஒன்றேகால் தாண்டுகிறது. மூன்று வரிசைக்கு 335 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை ஏழுக்குச் சற்றுக் குறைவு. பாதிப் பலகைக்கு ஏறத்தாழ 86 டன். இதுவரை எந்த மண்டி வியாபாரியும் கொடுத்துவிட முடியும். அடுத்த பாதியில்தான் அரசனின் களஞ்சியம் கவிழ்கிறது. மொத்தம் சுமார் 36,893 கோடி டன். ஆண்டுக்கு 14 கோடி டன் அளவில் இந்தியா விளைவிக்கும் அரிசியை ஒரு பருக்கையும் உண்ணாமல் சேர்த்தாலும் இரண்டாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகும். அந்த மலையில் ஓர் அரிசியை எந்தத் தராசும் காட்டாது.

ஆனால் முழு எண்ணாகப் பார்த்தால் கதை வேறு. 615-இல் முடியும் எண்ணையும், அதற்கு அடுத்தடுத்த 616, 617 என்று முடியும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அண்டை வீட்டார் என்பதைத் தவிர மூன்றுக்கும் ஒட்டுறவு எதுவும் இல்லை. நடுவில் உள்ள 616, 2-ஐ 64 முறை தன்னோடு தானே பெருக்கி வந்தது. அதில் 2-ஐத் தவிர வேறு பகா எண்ணே கிடையாது. அது ஒரு முழு வர்க்கம். அதற்கு இருக்கும் வகுத்திகள் 65. அதற்கு மேலே உள்ள 617, இரண்டே இரண்டு பகா எண்களின் பெருக்கல்: 274177 ஒன்று, 67280421310721 மற்றொன்று. தாமஸ் கிளவுசன் என்ற கணிதவியலாளர் 1855-இல் இதைக் கண்டுபிடித்திருந்தார். 1880-இல் ஃபார்த்துனே லாந்திரி என்ற பிரெஞ்சுக்காரர் தம் 82-ஆம் வயதில் தாமாகவே கண்டு வெளியிட்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில் இருபது இலக்க எண்ணைப் பிளப்பதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நம் கதைக்கு உரிய 615 இவ்விரண்டுக்கும் நேர்மாறாக, தானே உடைந்து கொடுக்கிற எண். 4294967296-இன் வர்க்கத்திலிருந்து ஒன்றைக் கழித்தது அது. ஒன்பதாம் வகுப்பில் படித்த வர்க்க வித்தியாச வாய்பாட்டின்படி அது 4294967295, 4294967297 ஆகிய இரண்டின் பெருக்கல். இவற்றில் முன்னது 65536-இன் வர்க்கத்திலிருந்து ஒன்று குறைவானது. ஆகவே அது 65535, 65537 என்று பிரியும். 65535 அதே போல 255, 257 என்றும், 255 மீண்டும் 15, 17 என்றும், 15 கடைசியாக 3, 5 என்றும் பிரியும். இப்படிப் பிரித்துக்கொண்டே வந்தால் 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்து பகா எண்கள் கையில் கிடைக்கின்றன. 4294967297 மட்டும் பிரியாமல் நிற்கிறது. அதையும் பிரித்தால் 641, 6700417. ஆக மொத்தம் ஏழு பகா எண்கள். எதுவும் இருமுறை வராது. ஏழும் தனித்தனியாக இருப்பதால் இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மிகச்சரியாக 128, அதாவது கட்டங்களின் எண்ணிக்கையைப் போல் இருமடங்கு. 65 வகுத்திகள், 128 வகுத்திகள், 4 வகுத்திகள் என்று மூன்று அண்டை எண்களும் மூன்று விதமாக நிற்கையில், கடைசி இலக்கத்தில் 5-க்குப் பதில் 6 போட்டதை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

4294967297-ஐப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. 3, 5, 17, 257, 65537 என்ற ஐந்தும் பகா எண்களாக இருப்பதைக் கண்ட பியர் தெ ஃபெர்மா, 1640-இல், இதே வரிசையில் (ஓர் எண்ணில் ஒன்றைக் குறைத்து, வர்க்கப்படுத்தி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது) அடுத்தடுத்து வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். அடுத்து வருவதே இந்தப் பத்து இலக்க எண். 92 ஆண்டுகள் கழித்து, 1732-இல், கணித மேதை ஆய்லர் அதை 641 மீதியின்றி வகுக்கிறது என்று காட்டியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக அவர் வகுத்துப் பார்க்கவில்லை. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஒன்று இருந்தால் அது 64-ஆல் வகுத்தால் ஒன்று மீதி வரும் எண்ணாகத்தான் இருக்கும் என்பதைப் பிற்பாடு அவரே விளக்கினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருகின்றன. அந்த வழியில் சென்றால் ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடும்.

இதை வாசகர்கள் நம்பி ஏற்க வேண்டியதும் இல்லை. 641 என்பது 5-ஐ 128-ஆல் பெருக்கி ஒன்று கூட்டியது. அதுவே 625-உம் 16-உம் சேர்ந்ததும் ஆகும். முதல் கூற்றின்படி, 641-ஆல் வகுக்கையில் 5 பெருக்கல் 128 என்பது 'ஒன்று குறைவு', அதாவது கழித்தல் ஒன்று என்ற மீதியைத் தரும். அதையே நான்கு முறை தன்னோடு பெருக்கினால் மீதி கூட்டல் ஒன்று ஆகிவிடும். அந்தப் பெருக்கலில் இருப்பது 625-உம், 2-இன் 28-ஆம் அடுக்கும். இரண்டாவது கூற்றின்படி 625-க்குப் பதிலாகக் கழித்தல் 16-ஐ வைக்கலாம். 16 என்பது 2-இன் நான்காம் அடுக்கு என்பதால் இரண்டும் சேர்ந்து கழித்தல் 2-இன் 32-ஆம் அடுக்கு ஆகிறது. அதன் மீதி ஒன்று என்றால், 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி கழித்தல் ஒன்று. அதோடு ஒன்றைக் கூட்டிய 4294967297-க்கு மீதியே இல்லை. எட்டு வரியில் முடிந்துபோகும் இந்த நிறுவலைப் பத்தாம் வகுப்பு மாணவர் எவரும் பின்தொடரலாம்.

ஆய்லர் சொன்ன அந்த 64-உம் பலகையின் 64 கட்டங்களும் ஒத்துப்போவது தற்செயல் அல்ல. ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் 17-ஆல் வகுத்து மீதியை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதிப் பாருங்கள். முதல் வரிசையில் 1, 2, 4, 8, 16, 15, 13, 9 என்று வரும். இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில் மீண்டும் 1. எட்டு எண்களின் கூடுதல் 68. அது 17-இன் நான்கு மடங்கு. எனவே ஒவ்வொரு வரிசையும் தனித்தனியே 17-ஆல் வகுபடும். 257-ஐ எடுத்துக்கொண்டால் மீதிகள் இரண்டு வரிசைக்கு ஒருமுறை திரும்புகின்றன. 65537-க்குப் பாதிப் பலகை வேண்டும். 641-க்கோ முழுப் பலகையும் தேவைப்படுகிறது. அதில் 512 வரை இரட்டித்துக்கொண்டே போகும் மீதி, பதினோராவது கட்டத்தில் 383 ஆகி, பிறகு 125, 250, 500, 359, 77 என்று ஏறி இறங்கி, 33-ஆவது கட்டத்தில் 640 ஆகிறது. அங்கிருந்து இரண்டாம் பாதியின் ஒவ்வொரு கட்டமும், முதல் பாதியில் தனக்கு நேரான கட்டத்தின் மீதியோடு சேர்ந்து சரியாக 641 ஆகும். முப்பத்திரண்டு இணைகளும் அப்படியே ஈடாகி முடிய, 65-ஆவது கட்டம் என்று ஒன்று இருந்தால் அதில் மீண்டும் 1. தாங்கள் அச்சிட்ட 616, 641-ஆல் வகுபடாமல் ஒன்றை மீதம் விடுவது இதனால்தான். அரசன் அந்த மொத்தத்தை 641 ஊர்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்க நினைத்திருந்தால், தங்கள் கட்டுரையின் கணக்குப்படி ஓர் அரிசிக்கு வழக்கு நடந்திருக்கும்.

பாதிப் பலகையின் மொத்தமான 4294967295-க்கும் தனிப் பெருமை உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு எந்தெந்தச் சீரான பலகோணங்களை வரையலாம் என்ற பழைய கேள்விக்கு, 17 பக்கப் பலகோணத்தை வரையலாம் என்று 1796-இல் காட்டியவர் காவுஸ். அப்போது அவருக்கு வயது 18, குகேஷ் பட்டம் வென்ற அதே வயது. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட சீரான பலகோணத்தை அப்படி வரைய வேண்டுமானால், பக்கங்களின் எண்ணிக்கை ஃபெர்மாவின் பகா எண்களை ஆளுக்கு ஒருமுறை பெருக்கிப் பெற்றதாக இருக்க வேண்டும். இன்றுவரை அத்தகைய பகா எண்களாக அறியப்பட்டவை மேலே சொன்ன ஐந்து மட்டுமே என்பதால், வரைய முடியும் என்று நமக்குத் தெரிந்த ஒற்றைப்படைப் பலகோணங்களில் மிகப்பெரியது 4294967295 பக்கங்கள் உடையது. காகிதத்தில் அது வட்டமாகத்தான் தெரியும் என்பது வேறு.

இனி, பெட்டிச் செய்தியில் உள்ள எண்ணுக்கு வருகிறேன். அதில் கடைசி இலக்கம் 5 சரிதான். இடையில் 95 என்று வர வேண்டிய இடத்தில் 59 என்று இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. தட்டச்சு செய்கையில் விரல் முந்திப் பிந்திப் போவதால் வரும் இத்தகைய பிழை, கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது. இதைப் பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. இலக்கங்களைக் கூட்டி 9-ஆல் வகுத்து மீதி பார்க்கும் முறையை நம்மில் பலரும் பள்ளியில் கற்றிருப்போம். சரியான எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 87, மீதி 6. 2-இன் அடுக்குகள் 9-ஆல் வகுக்கப்படும்போது ஆறு ஆறு அடுக்குக்கு ஒருமுறை மீதி திரும்பும் என்பதால், 64-ஆம் அடுக்கின் மீதியும் நான்காம் அடுக்கான 16-இன் மீதியும் ஒன்றே, அதாவது 7. அதில் ஒன்று குறைத்தால் 6. ஒத்துவருகிறது. ஆனால் இடம் மாறிய இலக்கங்களைக் கூட்டினாலும் அதே 87 வருமாதலால், 9 இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்காது.

அதற்கு 11 வேண்டும். வலது ஓரத்திலிருந்து தொடங்கி ஓர் இலக்கத்தைக் கூட்டி அடுத்ததைக் கழித்து, மீண்டும் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால், சரியான எண்ணுக்கு 37 வரும். 11-ஆல் வகுத்தால் மீதி 4. மறுபக்கம், 2-இன் பத்தாம் அடுக்கான 1024-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே 64-ஆம் அடுக்குக்கும் நான்காம் அடுக்கான 16-க்கும் மீதி ஒன்றே, 5. ஒன்று குறைத்தால் 4. பெட்டியில் அச்சான எண்ணுக்கு இதே முறையில் 29 வருகிறது, மீதி 7. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினால் 11 அதைத் தவறாமல் பிடித்துவிடும் என்பதை நிறுவவும் முடியும். மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவருக்கு இந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை.

616 என்ற பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பதும் கடினமல்ல. கணினியில் பெரும்பாலான மென்பொருள்கள் எண்களைக் கையாளும் பொது முறையில், ஓர் எண்ணுக்கு 64 பிட் (0 அல்லது 1 எழுதும் இடம் ஒரு பிட்) ஒதுக்கினாலும் அதன் துல்லியத்துக்குக் கிடைப்பது 53 பிட் மட்டுமே. 9007199254740992 என்ற எல்லை வரை அந்த முறை முழு எண்களை ஒன்றுவிடாமல் வைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் தாண்டித் தாண்டித்தான் செல்லும். நம் எண்ணுக்குச் சற்று முன்வரை அந்தத் தாண்டல் 2048 ஆக இருப்பதால், 615-க்கு அங்கே இடமே கிடையாது. மிக அருகில் உள்ள 616 அதற்குப் பதிலாக உட்கார்ந்துவிடுகிறது. எக்செல் தாளில் சரியான எண்ணை உள்ளிட்டால் முதல் பதினைந்து இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு 18446744073709500000 என்று பூஜ்யங்களைக் காட்டும். இதைக் கணினியின் குறை என்று சொல்லக் கூடாது. கழித்தல் குறி தேவைப்படாத முழு எண் என்று முன்கூட்டியே சொல்லி 64 பிட்டையும் அதற்கே கொடுத்தால், அதில் அடங்கும் மிகப்பெரிய எண் இதே 615-தான். 64 இடங்களிலும் ஒன்று என்று எழுதப்பட்ட எண் அது, கட்டத்துக்கு ஒரு பிட். எந்த முறையில் கேட்கிறோம் என்று அறியாமல் கேட்பவருக்கு இயந்திரம் தோராயத்தையே விடையாகக் காட்டும். தோராயம் என்று அது சொல்லாது.

இயந்திரத்தை நம்பாதவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 63 முறை இரட்டித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2-இல் தொடங்கி ஆறு முறை வர்க்கப்படுத்தினால் போதும்: 4, 16, 256, 65536, 4294967296, பிறகு கடைசியாக ஒன்று. யாப்பின் குறில் நெடில் அடுக்குகளை எண்ணுவதற்காகப் பிங்கலர் சந்த சாத்திரத்தில் சொன்ன வழியும் இப்படி இரட்டிப்பதும் வர்க்கப்படுத்துவதும்தான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்-பிரூனி என்ற அறிஞர் இதே சதுரங்கக் கணக்கைப் போட்டபோது 16-ஐ அடுத்தடுத்து வர்க்கப்படுத்தியே விடைக்குச் சென்றார். கடைசி வர்க்கம் மட்டும் சற்று நீளம். 4294967296-ஐ 42949, 67296 என்று ஐந்தைந்து இலக்கமாக இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். முன்பாதியின் வர்க்கம் 1844616601. பின்பாதியின் வர்க்கம் 4528751616. இரண்டையும் பெருக்கி இருமடங்காக்கினால் 5780591808. முதலாவதற்குப் பின்னால் பத்துப் பூஜ்யம், மூன்றாவதற்குப் பின்னால் ஐந்து பூஜ்யம் சேர்த்து, எல்லாவற்றையும் கூட்டினால் 18446744073709551616 வந்துவிடும். ஒன்றைக் கழிக்க மறக்காமல் இருந்தால் சரி. அரைப் பக்கக் காகிதத்துக்கு மேல் இதற்குத் தேவைப்படாது.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22 வந்தால் இராமானுஜனின் 1729-ஐ மறக்காமல் அச்சிடும் நாளிதழ்கள், நான்கு இலக்க எண்ணுக்குக் கொடுக்கும் மரியாதையை இருபது இலக்க எண்ணுக்குக் கொடுக்கத் தயங்குவது எனக்கு விளங்கவில்லை. எண் நீளும்போது கடைசி இலக்கங்கள் அலங்காரமாக மாறிவிடுகின்றன என்ற எண்ணம் எழுதுவோரிடமும் மெய்ப்புப் பார்ப்போரிடமும் இருப்பதாகவே தெரிகிறது. தூரத்தையோ எடையையோ மக்கள்தொகையையோ சொல்லும்போது அந்த எண்ணத்தில் தவறில்லை. கடைசி இலக்கங்கள் அங்கே எப்படியும் உறுதியானவை அல்ல. அளந்து பெற்ற எண் வேறு, கணக்கிட்டுப் பெற்ற எண் வேறு. சதுரங்கப் பலகையின் மொத்தத்தில் இருபது இலக்கங்களும் ஒரே அளவுக்கு உறுதியானவை. ஓர் இலக்கம் மாறினாலும் அது வேறு எண். தோராயமாகச் சொல்ல விரும்பினால் 'ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரம் கோடி கோடி' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். அதுவும் நேர்மையான கூற்றே. இருபது இலக்கங்களையும் அச்சிடத் துணிந்த பின் இருபதும் சரியாக இருந்தாக வேண்டும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் ஒன்று வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்தத்தில் எண்ணை நம் முறைப்படி, கடைசி மூன்று இலக்கங்களுக்குப் பிறகு இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒரு காற்புள்ளி வைத்து அச்சிட்டால் படிப்பவர்களுக்கு எளிதாக இருக்கும். பிள்ளைகளும் இடமதிப்பை விரல் வைத்து எண்ணிப் பார்ப்பார்கள். இருபது இலக்கமும் ஒன்பது காற்புள்ளியும் தங்கள் இதழின் ஒற்றைப் பத்தி அகலத்தில் அடங்காமல் போகலாம். அப்படியானால் எண்ணை வரி முடிவில் உடைக்காமல், எழுத்தளவைச் சற்றுக் குறைத்தோ இரண்டு பத்தி அகலத்துக்கு நீட்டியோ ஒரே வரியில் வரும்படி பார்த்துக்கொள்ளுமாறு பக்க வடிவமைப்பாளரிடம் சொல்லிவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திருவல்லிக்கேணி, சென்னை - 600 005.